நடுத்தெருவில் உட்கார்ந்திருப்பவள் என் மனைவிதான்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்க தோஷம். உயிரோடு இருக்கிறோம், எலும்புகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் இதைவிட ஒரு படி மேலான நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதமும், அதில் குண்டூசி குத்தி அனுப்பியிருந்த செய்தித்தாள் துண்டும் கிடைத்தன. 'நடுத்தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்து கையை ஓங்கியிருக்கும் அம்மையார் தங்கள் மனைவியா, அவருக்குப் பின்னால் அட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்பவர் தாங்களா, அல்லது உலகத்தில் ஒரே முகஜாடையில் ஏழு பேர் உண்டு என்பதை நான் நம்பட்டுமா?' என்று கேட்டிருந்தீர்கள். தாங்கள் பெருந்தன்மையோடு அந்தப் பின்வாசலைத் திறந்து வைத்தும் அதன் வழியாக ஓட எனக்கு மனம் வரவில்லை. அவள் என் மனைவிதான். அவன் நான்தான். தொலைபேசியில் பேசினால் குரல் உயரும், கடிதத்தில்தான் நிதானம் நிற்கும் என்று வங்கி மேலாளராக இருந்த காலம் தொட்டுச் சொல்லிவருபவர் தாங்கள். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேசி முடித்த கல்யாணம் ஒரு புகைப்படத்தால் நின்றுவிடக் கூடாது.

நான் அரசு அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதும், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்பதும் தாங்கள் அறிந்ததே. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது இரண்டையும் நானே ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன். அன்று எங்கள் வாசலில் காரை நிறுத்த முடியாமல் தாங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்ததும் நினைவிருக்கும். காரணம், வாசலுக்கு நேரே இருந்த பேருந்து நிறுத்தம். விடிந்தும் விடியாமலும் அங்கே கூட்டம் வந்து இறங்கும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், எதிரே இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் தரை துடைக்கிறவர்கள், காவலாளிகள், தையல் ஆலைப் பெண்கள். எல்லோரும் ஒரு காலத்தில் இதே பகுதியின் சந்துகளில் குடியிருந்தவர்கள். வாடகை ஏற ஏற ஒவ்வொரு குடும்பமாக நகர்ந்து, ஊரின் விளிம்புக்கே போய்விட்டார்கள். வேலை மட்டும் நகராமல் இங்கேயே இருக்கிறது. எங்கள் மதில் நிழலில் நிற்பார்கள், வாசற்படியில் உட்காருவார்கள், உரக்கச் சிரிப்பார்கள். சங்கத்துக்காரர்கள் தினமும் என் கதவைத் தட்டி, "செயலாளர்னு எதுக்கு இருக்கீங்க? ஏதாவது செய்யுங்க சார்" என்றார்கள். நிறுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கோரி நான் ஒரு மனு எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனு. ஓர் ஒற்றெழுத்துப் பிசகில்லை.

சம்பந்தி, மனு எழுதுவதுதான் என் பழக்கமே தவிர, அதன்மேல் நடவடிக்கை வந்து எனக்குப் பழக்கமில்லை. தெருவிளக்குக்கு எழுதியிருக்கிறேன், சாக்கடைக்கு எழுதியிருக்கிறேன், நாய்க்கு எழுதியிருக்கிறேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். இந்த ஒரு மனுவுக்கு மட்டும் அரசாங்கம் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்துவிட்டது. ஒரு காலை பால் வாங்கப் போனால், வாசலில் நிறுத்தத்தையே காணோம்! கம்பம் இருந்த இடத்தில் ஒரு குழி. விசாரித்தால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டுவிட்டார்களாம். அங்கிருந்து நடந்தும் வந்துவிடக் கூடாது என்று நடைபாதைக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு வேறு. நான் கேட்டது ஒரு முழம், அவர்கள் கொடுத்தது ஒரு பர்லாங். புது இடம் அடுத்த கட்டண ஸ்டேஜில் விழுவதால் டிக்கெட் விலையும் ஏறிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கூடுதலாகக் கொடுத்து, தூரமாக இறங்கி, மேம்பாலத்தின் மேல் ஏறிச் சுற்றி, தாமதமாக வந்து, அந்தத் தாமதத்துக்காக அரை நாள் கூலியை இழக்க வேண்டும். இதுதான் என் மனு செய்த வேலை.

எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாவைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் எங்களையும் சேர்த்து இந்தக் கட்டடத்தில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்கிறார். என் மனைவி அவரை அக்கா என்று கூப்பிடுவாள். அவரும் என் மனைவியை அக்கா என்றே கூப்பிடுவார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஒரு நாள் அவர் வந்து சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, மேல்வீடு ரெண்டுலயும் இனிமே வர வேணாம்னுட்டாங்க" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உங்க மனுவால வந்ததுதானே?"

"நான் மரியாதையாத்தான் எழுதினேன்."

"மரியாதையா எழுதினா வயித்துல அடிச்சது வலிக்காதா?"

நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். குடும்பத்தலைவன் ஒதுங்குவதற்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது.

மறுநாள் காலை தெருவில் ஒரே இரைச்சல். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், தெருவையே காணோம், தலைகள்தான் தெரிகின்றன. நிறுத்தம் இருந்த இடத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்துகள் வால் பிடித்து நிற்கின்றன. எங்கள் வாட்ச்மேன்கூட கேட்டை விட்டுவிட்டுப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறார். 'சரி, கூட்டத்துக்குக் குளிர்விட்டுப் போச்சு' என்று நினைத்து, இன்னும் நன்றாகப் பார்க்கக் கண்ணாடியை மாட்டினேன். மாட்டாமலே இருந்திருக்கலாம். முதல் வரிசையில், சமையல்கார அம்மாவுக்குப் பக்கத்தில், என் மனைவி! அவருக்குக் குடையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் இறங்கிப் போனாள். மூட்டுவலி என்று சோபாவிலிருந்து எழுந்திருக்கவே என் கையைப் பிடிப்பவள், தார்ச்சாலையில் சம்மணம் போட்டு, "வேணும், வேணும்!" என்று கத்துகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. என்னிடம் பேசும்போது அவசியம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அவள் செருப்பு என்று இறங்கி ஓடினேன்.

"எழுந்திரு. பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு என்ன இது? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரிஞ்சா தெரியட்டும். எழுந்திருக்க முடியல. முட்டி பிடிச்சுக்கிச்சு."

"கையைக் குடு, தூக்கி விடறேன்."

"முட்டி விட்டாலும் எழுந்திருக்கிறதா இல்ல. நீங்க மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். நின்ற இடத்தில்தான் விதி அட்டை வடிவத்தில் காத்திருந்தது. ஒருவர் தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் 'பேருந்து நிருத்தம் வேண்டும்' என்று எழுதியிருந்தது. சம்பந்தி, நிருத்தம் என்றால் நடனம்! பேருந்து நடனம் வேண்டுமென்று ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அட்டையில் 'உழைக்கும் மக்களை வதக்காதே' என்று இருந்தது. வதைக்காதே என்பதில் ஐகாரம் விழுந்து, மக்கள் வாணலிக்குப் போய்விட்டார்கள். என் உடம்பு பதறிவிட்டது. பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போவேன், பிழையைக் கண்டால் என்னால் முடியாது. "அதை இப்படிக் குடுங்க" என்று வாங்கி, தரையில் கிடந்த தூரிகையை எடுத்து, 'ரு'வை 'று' ஆக்கினேன். வதக்காதேயைத் தொடப்போனபோது என் மனைவி தடுத்தாள். "இந்த வெயிலுக்கு அதுதான் சரி, விடுங்க." அதற்குள், "சார் திருத்தித் தராரு" என்று பேச்சு பரவி, அட்டையும் கையுமாக எனக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. என் உத்தியோகக் காலத்தில்கூட எனக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை. திருத்திய எழுத்து தூரத்திலிருந்து தெரிகிறதா என்று ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்த நேரத்தில்தான் அந்தப் புகைப்படக்காரன் படம் எடுத்தான். தாங்கள் குண்டூசி குத்தி அனுப்பியது அதைத்தான்.

கடைசியாகச் சமையல்கார அம்மாவின் அட்டை வந்தது. 'எங்கள் வலியை அடைக்காதே' என்று எழுதியிருந்தது. வழி என்று இருக்க வேண்டும். "சிறப்பு ழகரம் போடணும்மா" என்று குனிந்தேன். குனிந்தபோது அவருடைய கால் கண்ணில் பட்டது. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் அழுந்தியிருந்தது. வாரின் மேல் பழைய துணி ஒன்றைச் சுற்றியிருந்தார். தினமும் எங்கள் வீட்டுக்குள் நடக்கிற கால்கள். அன்றுதான் பார்த்தேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இது சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். தெரிந்தே ஒரு பிழையை விட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், தூக்கமில்லாதவர். அவர் கையில் ஒரு நகல். "இங்க குடியிருக்கிறவங்க மனு குடுத்துத்தான் மாத்தியிருக்காங்க. அதுல சொல்லியிருக்கிறதுக்கெல்லாம் நீங்க பதில் எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். உங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்க யாரு?" என்றார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அவர் நகலை உரக்கப் படித்தார். "'மேற்படி கூட்டத்தினரால் இப்பகுதியின் அமைதியும் அழகும் குன்றுகின்றன.'"

அந்த வாக்கியத்தை எழுதிய அன்று மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தரம் படித்துக் காட்டியவன் நான். நடுத்தெருவில் கேட்டபோது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. சமையல்கார அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"மேற்படி கூட்டம்னா யாரு சார்?"

"அது... நீங்கதாம்மா. இங்க நிக்கிறவங்க."

"அழகு குன்றுதுன்னா?"

"குறையுதுன்னு அர்த்தம்."

கலைந்திருந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், சம்பந்தி.

இதை எழுதியவன் நான்தான் என்று தெரிந்தால் என்னைத்தான் முதலில் வதக்குவார்கள் என்று வியர்த்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, "எழுதுங்க சார். எழுதினவருக்குத்தானே அதுக்குப் பதிலும் தெரியும்" என்றார்.

"என்னய்யா சொல்றே?"

"எல்லாருக்கும் தெரியும் சார். அந்த மனுவை ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்ததே நான்தானே. நீங்கதானே குடுத்தனுப்பினீங்க."

"தெரிஞ்சுமா என்னை ஒண்ணும் பண்ணல?"

"இறங்கி வந்து நின்னுட்டீங்களே சார். அப்புறம் என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டரின் ஜீப் முகப்பில் தாளை வைத்து எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு எழுத எழுத, அந்த மனுக்காரன்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. 'மேற்படி மனுதாரர் தம் வீட்டு அடுப்பு யாரால் எரிகிறது என்று ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து இருப்பதை இன்ஸ்பெக்டர் நகலோடு சேர்த்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டத்தின் வாலிலிருந்து எவனோ ஒரு கல்லை விட்டான். கண்ணாடிக் கட்டடத்தின் முகப்புக் கண்ணாடி முழுசாக இறங்கியது. அந்தச் சத்தத்தில் ஒரு நிமிடம் போலீஸ்காரர்களும் நாங்களும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அடுத்த நிமிடம் அவர்கள் கையில் தடி, எங்கள் காலில் ஓட்டம். நானும் ஓடினேன். மறைப்பானேன், மனைவி எங்கே என்றுகூடப் பார்க்காமல் ஓடினேன். எங்கள் கட்டட வாசலுக்கு வந்தால் கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே சங்கப் பொருளாளர்.

"கதவைத் திறங்க, நான்தான்!"

"கலவரம்னா யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி எழுதினீங்க?"

"அது வெளியாளுக்குய்யா!"

"அப்படித் தனியா எதுவும் போடலயே சார். 'யாருக்கும்'னுதான் போட்டிருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். தெரு காலியாகிக்கொண்டிருந்தது. ஒற்றைச் செருப்புகள், கிழிந்த அட்டைகள். நடுவில் இரண்டு பெண்கள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. சமையல்கார அம்மா எழுந்திருக்க முடிந்தும் எழுந்திருக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன் நெற்றியில் அடி வாங்கி, சட்டையெல்லாம் இரத்தம். நான் திரும்பி நடந்தேன். போய் என் மனைவிக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன். தைரியம் என்று தாங்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. வேறு போக்கிடம் இல்லை.

"ஓடினவர் ஏன் வந்தீங்க?" என்றாள்.

"கேட் பூட்டியிருக்கு."

"நல்லதாப் போச்சு" என்று என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

வேனில் ஏற்றி எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காவல் நிலையத்தில் இடமில்லையாம். இந்த இடத்தில் தங்களுக்கு ஒரு நல்ல செய்தி: நாம் தேடிக்கொண்டிருந்தது போன்ற மண்டபம். காற்றோட்டம் பிரமாதம், சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருகிறது, வாசலிலேயே பேருந்து நிறுத்தம். காவலர் அனுமதியோடு மேலாளரைப் பார்த்து நம் தேதிக்கு விசாரித்தேன். "நீங்க இப்ப கைதியா, பெண்ணோட அப்பாவா சார்?" என்று கேட்டார். இரண்டும் என்றேன். தேதி காலியாக இருக்கிறதாம்.

மதியம் பொட்டலம் கொடுத்தார்கள். சமையல்கார அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. "உப்பே இல்ல. ஆனா அடுத்தவங்க சமைச்சதை உட்கார்ந்து சாப்பிட நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார். என் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு அழுதாள், பிறகு தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் சங்கக் கூட்டம். பணி நேரத்தில் கேட்டை விட்டுப் போன வாட்ச்மேனை நீக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்து, தீர்மானத்தை அழகாக எழுதித் தரும்படி என்னிடமே தாளை நீட்டினார்கள். அவர் அப்போது நெற்றியில் தையலோடு மருத்துவமனையில் இருந்தார். எனக்கு வந்த அதிர்ச்சிகளிலேயே பெரியது என்னவென்றால், நான் "எழுத மாட்டேன்" என்று சொன்னதுதான். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஆகவே நான் இப்போது செயலாளர் இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாட்ச்மேன் வேலை பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். லிஃப்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

ஆனால் தாங்கள் கவலைப்பட இனி எதுவுமில்லை. அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்துவிட்டார்கள், தெரு அமைதியாகிவிட்டது. என் மனைவியிடமும் கண்டிப்பாகப் பேசிவிட்டேன். 'இனி நம் குடும்பத்தில், சம்பந்தி குடும்பத்தையும் சேர்த்து, யாரும் தெருவில் உட்காரக் கூடாது' என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் தலையசைத்தாள். இரு வீட்டு மானமும் இனி என் பொறுப்பு. கல்யாணத்தைக் குறித்த தேதியிலேயே நடத்தத் தாங்கள் மனமிரங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கங்கள். அவரைப் போல் அடக்கமும் அமைதியும் உள்ள மாமியார் வாய்ப்பது என் மகளின் பாக்கியம்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: அண்ணா, வணக்கம். தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார். உறை ஒட்டாமல் இருந்ததால் படித்துவிட்டேன். நான் தலையசைத்தது இவருக்கில்லை, ஜன்னலுக்கு வெளியே, கீழே தெருவிலிருந்து சமையல்கார அக்கா 'மறுபடி உட்கார வர்றீங்களா' என்று சைகையில் கேட்டதற்கு. பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. நிறுத்தத்தைத் தருகிறார்களாம், தடுப்பை எடுக்க மாட்டார்களாம். திங்கட்கிழமை மறுபடி உட்காருகிறோம், வாட்ச்மேன் வேலைக்கும் சேர்த்து. உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்ல நேற்று அண்ணிக்குப் போன் பண்ணினேன். நீங்கள் இப்படி ஒரு கடிதம் எழுதியதே அவருக்குத் தெரியாதாமே? அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் நூல் ஆலையில் வேலை பார்த்தவராம். ஆலை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி உட்கார்ந்து, ஜெயிலுக்கும் போய்விட்டு வந்தவராம். எனக்குத் தெரியாதே என்றேன். உங்க அண்ணனுக்கும்தான் தெரியாது என்று சிரித்தார். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அண்ணி இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காணோம் என்று எங்கும் தேட வேண்டாம். உங்களுக்கு இரண்டு நாளுக்குச் சமைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வருகிறாராம். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாவிட்டால், கூச்சப்படாமல் பக்கத்து வீட்டில் கேட்கச் சொன்னார்.